செம்பியின் முன்னங்கால்

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோருக்கும் உடம்பு நன்றாகவே இருக்கிறது, உனக்கும் அப்படித்தான் இருக்க வேண்டும். மனசைப் பற்றிக் கேட்காதே. போனில் சொல்லியிருக்கலாம், போனில் நீ உடனே பதில் சொல்லிவிடுவாய், அதனால் எழுதுகிறேன்.

சின்னவள் உன்னிடம் என்ன சொன்னாளோ தெரியாது. உன்னோடு பேசுகிறாள் என்று தெரியும், கதவுக்குப் பின்னால் சிரிப்பு கேட்கிறது. என்னோடு பேச்சில்லை. தூரக் குதிரைச் சவாரிப் பந்தயம் முடிந்து வந்த நாளிலிருந்து இப்படி. முடிந்து என்பதுகூடத் தப்பு. அவள் முடிக்கவில்லை, நான்தான் நிறுத்தினேன். அன்று விடிந்ததிலிருந்து மழை. காட்டுப் பாதை முழுக்கக் களிமண், வழுக்கும் வேர்கள். எண்பது கிலோமீட்டரை மூன்று சுற்றாகப் பிரித்திருந்தார்கள், ஒவ்வொரு சுற்று முடிந்ததும் முகாமுக்கு வந்து குதிரை டாக்டரிடம் காட்ட வேண்டும், அவர் சரி என்றால்தான் அடுத்தது. இரண்டாவது சுற்றிலிருந்து வந்தபோது சின்னவள் முகத்தில் கண் மட்டும்தான் சேறில்லாமல் இருந்தது. அப்பா வாளியும் துணியுமாகக் குதிரை பக்கத்தில் நின்று, இது நம்ம செம்பிதானான்னு கழுவிப் பாத்துத்தான் சொல்லணும் என்றார். அவள்கூடச் சிரித்தாள். செம்பியின் நாடித் துடிப்பு சீக்கிரமே வேண்டிய அளவுக்கு இறங்கிவிட்டது. பிறகு, நொண்டுகிறதா என்று டாக்டர் பார்ப்பதற்காகக் குதிரையைக் கயிற்றில் பிடித்து ஓட்டிக் காட்டுவது, நம் வீட்டில் அது எப்போதும் என் வேலை. கயிற்றைத் தளர்த்திப் பிடித்துக்கொண்டு செம்பியின் பக்கத்தில் ஓடினேன், பூட்ஸுக்குள் தண்ணீர் சளக் சளக்கென்றது. நடையைப் பார்த்த டாக்டர், சரி போகலாம் என்றார்.

எனக்குக் கயிற்றில் ஏதோ தெரிந்தது. இடது முன்னங்காலை ஊன்றும்போது செம்பியின் தலை ஒரு துளி மேலே போனது, வலிக்கிற காலை ஊன்றும்போது குதிரை அப்படித்தான் தலையைத் தூக்கும். கண்ணுக்கு எட்டாத அளவு. கைக்குத் தெரிந்தது. டாக்டர், அந்த சிமெண்டுத் தரையில இன்னொரு தடவை ஓட்டிக் காட்டட்டுமா என்று கேட்டுவிட்டேன். போகலாம் என்று சொன்ன பிறகு எந்தக் குதிரைக்காரரும் இப்படிக் கேட்கமாட்டார். கேட்டுவிட்டால் அவரும் பார்க்காமல் விட முடியாது. குனிந்து பார்த்தார், ரொம்ப நேரம். சந்தேகமாத்தான் இருக்கும்மா, சந்தேகம்னா அனுப்பக் கூடாது என்றார். கடைசிச் சுற்றுக்கு ஹெல்மெட் வாரை இழுத்துக்கொண்டிருந்த சின்னவள் கையை எடுக்காமல் அப்படியே நின்றாள். முடித்திருந்தால் பெரிய பந்தயத்துக்குத் தகுதி. இந்த வருஷம் இனி அதற்கு வழியில்லை.

மறுநாள் லாடம் அடிப்பவர் வந்து குளம்பைத் தட்டிப் பார்த்தார். வீக்கமில்லை, சூடில்லை. என்னைவிட நல்லா நடக்குது என்றார். ஒரு நாள் ஓய்வில் சரியாகிற வலியும் உண்டு என்று அப்பா சொல்கிறார், எனக்காகச் சொல்கிறார். உனக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன். கடைசிச் சுற்று ஓடையைத் தாண்டிப் போகிறது. நான் கயிற்றைப் பிடித்து நின்றபோது பக்கத்தில் இருந்தவர்கள், தண்ணி குதிரை வயிறு வரைக்கும் ஏறிடுச்சாம் என்று பேசிக்கொண்டார்கள். அதைக் கேட்டுவிட்டுத்தான் ஓடினேன். செம்பி தலையைத் தூக்கியதா, என் கை நடுங்கியதா. பாத்திரம் கழுவும்போது கை தானாகவே அந்த இழுப்பைத் தேடுகிறது. சில நாள் கால்தான் என்று படுகிறது. சில நாள் ஓடை. போனவர்கள் எல்லோரும் பத்திரமாகத் தாண்டி வந்தார்கள், அதையும் எழுதத்தான் வேண்டும்.

ஓடைப் பேச்சு அன்று அவள் காதிலும் விழுந்திருக்கும், நேற்று சாப்பிடும்போது தட்டைப் பார்த்தபடியே கேட்டாள், காலா, ஓடையா என்று. அப்பா சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். கால்தான் என்று சொல்லியிருந்தால் அதோடு போயிருக்கும். தெரியலடி என்றேன். எழுந்து கை கழுவினாள். கழுவிக்கொண்டே, அடுத்த மாசம் சின்னப் பந்தயம் ஒண்ணு இருக்கு, அப்பா ஓட்டிக் காட்டட்டும், நீ வாளியைப் பாத்துக்க என்றாள். இன்று காலையிலிருந்து அப்பா லாயத்தைச் சுற்றி ஓடிப் பழகுகிறார், செம்பி இவரை இழுத்துக்கொண்டு போகிறது. கயிற்றை முறுக்கிப் பிடிக்கிறார். அந்தக் கைக்கு ஒன்றும் தெரியப்போவதில்லை. அதனால்தான் அவரைக் கேட்டிருக்கிறாள்.

எனக்காக அவளிடம் பரிந்து பேசாதே. ஒன்று மட்டும் சொல், நீயே யோசித்ததாக இருக்கட்டும். அப்பா வேண்டாம், நானும் வேண்டாம். எவ்வளவு களைப்பாக இருந்தாலும் இறங்கி அவளே ஓட்டிக் காட்டட்டும். கயிறு அவள் கையில் இருக்கட்டும். அதில் என்ன தெரிந்தாலும் டாக்டரிடம் சொல்வதும் சொல்லாததும் அவள் பாடு. நான் அந்தப் பக்கம் திரும்பமாட்டேன், திரும்பாமல் இருக்கப் பார்க்கிறேன்.

நினைத்தது கைகூடி, குறையில்லாமல் இரு. பல் வலிக்கு மாத்திரையே போட்டுக்கொண்டிருக்காதே, போய்க் காட்டு.

இப்படிக்கு,
உன் அம்மா