ஜவளகிரிப் பாறையில் உன் கைகள்

மத்திகிரி பெட்ரோல் பங்கில் இன்று சாயங்காலம் உன் ஜீப்பின் டயர்களுக்குக் காற்று நிரப்பினேன். குழாயைச் சொருகும்போது உள்ளிருந்த காற்று கொஞ்சம் சீறிக்கொண்டு வெளியே வந்தது. பழைய ரப்பர் வாசனை. அது மூக்கில் ஏறியதும் நான் பங்கில் இல்லை. தளி ஊர் தாண்டிய மண்பாதையில் நீ குத்துக்காலிட்டு உட்கார்ந்து, வால்வைக் குச்சியால் அழுத்தி, நான்கு டயர்களிலும் காற்றை இறக்கிக்கொண்டிருக்கிறாய். நன்றாக இருக்கும் டயரை ஏன்டா கெடுக்கிறாய் என்று முதல் தடவை கேட்டேன். "கொஞ்சம் தளந்தாத்தான்டா பாறைய கட்டிப் புடிக்கும். உன்ன மாதிரி வெறச்சிக்கினு நின்னா வழுக்கும்" என்றாய்.

நான் விறைத்துக்கொண்டு நிற்கிறவன்தான். தூத்துக்குடியிலிருந்து வந்து, நீ மெஷின் பழுது பார்த்த அதே கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை. அளந்து பார்க்காத எதையும் நம்பக் கூடாது என்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். தோசையின் வட்டத்தைக்கூட நான் சந்தேகத்தோடு பார்ப்பதாகக் கேலி செய்வாய். நான் "ஏலே" என்று கூப்பிட்டால் போதும், உத்தனப்பள்ளிக்காரனான நீ அதை இழுத்து இழுத்துச் சொல்லி நம் கூட்டாளி மஞ்சுவைச் சிரிக்க வைப்பாய். மஞ்சுநாத்துக்கு வீட்டில் கன்னடம், கம்பெனியில் தமிழ், உன்னிடம் மட்டும் தெலுங்கு. மூன்றிலும் அவன் பேசியது சாப்பாட்டைப் பற்றித்தான்.

சனிக்கிழமை முதல் ஷிப்ட் முடிந்ததும் கிளம்புவோம். கம்பெனிச் சுவர்கள் முடிந்து, ரோஜா வளர்க்கிற வெள்ளைக் கூடாரங்கள் முடிந்து, ராகிக் காடு தொடங்கும்போது நீ பேச்சை நிறுத்திவிடுவாய். மஞ்சுவின் மாமா நிலம் ஜவளகிரியில் காட்டை ஒட்டி இருந்தது. யானை வருகிற இடம் என்பதால் மாமாவின் வீட்டுக்குப் பக்கத்திலேயே டென்ட் போடுவோம். மஞ்சு களி கிண்டுவான். எனக்கு நினைவில் நிற்பதெல்லாம் அங்கே விடிந்த காலைகள். டென்டின் ஜிப்பைத் திறந்தால் வெளியே ஒன்றுமே இருக்காது. நிலம், மரம், ஜீப் எல்லாம் பனிக்குள் போயிருக்கும். அதற்குள் எங்கோ நீ டீ ஆற்றுகிற சத்தம் மட்டும் கேட்கும். அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே நான் நடந்து வருவேன். சில நாள் நான் எழுந்துவிட்டேனா இல்லையா என்றே தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்றும் தோன்றாது.

நிலத்தின் மேற்கோரத்தில் அந்தப் பாறைச் சரிவு. அதில் ஏறுவதற்கு நீ வைத்திருந்த முறை ஒன்றுதான். ஒருவன் இறங்கி, சரிவை முழுக்க நடந்து பார்த்துவிட்டு, மேலே போய் நிற்க வேண்டும். ஓட்டுகிறவன் அவன் கைகளை மட்டும் பார்க்க வேண்டும். "பாதைய பாக்காத. என் கைய பாரு." எத்தனை தடவை சொல்லியிருப்பாய்.

அன்றைக்கு ஸ்டியரிங்கில் நான். பாதிச் சரிவில் உன் கைகள் இடது பக்கம் காட்டின. இடது பக்கம் கருப்பாக ஒரு குழி இருந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். அளந்து பழகிய கண். வலது பக்கம் ஒடித்தேன். ஜீப் மெதுவாக, அவசரமே இல்லாமல், பக்கவாட்டில் வழுக்கி ஒரு கல்லில் போய்ச் சாய்ந்தது. கால் வைத்து ஏறும் பலகை மடங்கியது. "ஏனாயித்து குரு?" என்று, என்ன ஆச்சோ என்ற பதற்றத்தில் மஞ்சு கரண்டியோடு ஓடி வந்தான். நீ மேலே அப்படியே நின்றாய், தூக்கிய கைகளோடு. திட்டவில்லை. கைகளை இறக்கவும் இல்லை. அந்தக் கைகளைப் பார்க்க முடியாமல் நான் சொன்னேன், "பிரேக் பிடிக்கலடா."

மறுநாள் ஞாயிறு. நாள் முழுக்க நாலு சக்கரத்தையும் கழற்றி நீ பிரேக்கைப் பார்த்தாய். நான் பக்கத்தில் ஸ்பானர் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன், வெட்கம் கெட்டவன். ஒரு குறையும் இல்லை. சக்கரங்களை மாட்டி, கையைத் துடைத்துக்கொண்டு, "சரி வுடு, டீ சாப்பிடலாம்" என்றாய். உனக்குத் தெரியும் என்று எனக்குத் தெரிந்தது. அடுத்த தடவை சொல்லிவிடலாம் என்று இருந்தேன். அடுத்த தடவை வருவதற்குள் உனக்கு நெஞ்சு வலி வந்தது. ஆஸ்பத்திரி வாசல்வரைதான் நீ வந்தாய்.

போன வாரம் ரேணுகா கூப்பிட்டாள். நீ இருந்தவரை உன் மனைவியிடம் நான் பத்து வார்த்தை பேசியிருந்தால் அதிகம். "வண்டிய குடுத்துடலாம்னு இருக்கேண்ணா. எனக்கு ஓட்டத் தெரியும், ஆனா பயமா இருக்குது. பிரேக் சரியில்லன்னு அவரே சொன்னாரு. குடுக்கறதுக்கு முன்னாடி நீங்க போற எடத்த ஒருவாட்டி பாக்கணும்" என்றாள்.

போனை வைத்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. மடங்கிய பலகையைப் பற்றி அவள் கேட்டபோது, என் பொய்யை உன் பொய்யாக எடுத்துக்கொண்டு போய் அவளிடம் சொல்லியிருக்கிறாய். அந்தப் பொய் இன்னும் ஜீப்பில் உட்கார்ந்துகொண்டு அவளை ஏற விடாமல் பயமுறுத்துகிறது.

இன்று காலை மூன்று பேரும் போனோம். பனி அப்படியேதான் இருந்தது. மஞ்சு டீ ஆற்றினான், சத்தம் மட்டும் வேறு மாதிரி இருந்தது. பனி விலகி வெயில் வந்ததும் சரிவின் அடியில் வண்டியை நிறுத்தி, ரேணுகாவிடம் சொல்லிவிட்டேன். "பிரேக் நல்லாத்தான் இருந்துச்சும்மா. அவன் கை காட்டினத நான் நம்பல. பழிய வண்டி மேல போட்டுட்டேன்."

அவள் என்னைப் பார்க்கவில்லை. மடங்கிய பலகையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "வீட்டுக்கு வந்த அன்னைக்கி ராத்திரி அவரு சாப்புடவே இல்லண்ணா" என்றாள். அவ்வளவுதான். மன்னித்தேன் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பிறகு கதவைத் திறந்து, அப்பா வீட்டு டிராக்டரில் ஏறுவதைப்போல ஏறி உட்கார்ந்தாள். "நீங்க மேல போயி நில்லுங்க. நான் ஓட்டறேன்."

நடந்து பார்த்தேன், நீ நடந்ததைப்போலவே. இடது பக்கத்தில் குழி இல்லை. மேலே துருத்தி நின்ற பாறையின் நிழல் அது. கீழே ஸ்டியரிங்கில் இருந்து பார்த்தால் குழி, நீ நின்ற இடத்திலிருந்து பார்த்தால் நல்ல தரை.

மேலே போய்க் கைகளைத் தூக்கினேன். வண்டி ஏறத் தொடங்கியது. அந்த இடத்தில் இடது பக்கம் காட்டினேன். அவள் பாதையைப் பார்க்கவே இல்லை. என் கைகளையே பார்த்து, நிழலுக்குள் சக்கரத்தை விட்டு, ஏறி வந்தாள்.

வண்டி எனக்குப் பக்கத்தில் வந்து நின்று, எஞ்சின் அணைந்து, அவள் இறங்கிய பிறகுதான் என் கைகள் இன்னும் மேலே இருப்பதைக் கவனித்தேன். வலித்தது. ஆனால் சரிவில் ஒருவர் இருக்கும்வரை கையை இறக்க முடியாதுடா. அன்றைக்கு நீ கோபத்தில் அப்படி நின்றாய் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். நான் இன்னும் வண்டிக்குள் இருந்தேன், அதனால்தான் நீ இறக்கவில்லை.

ஜீப்பைக் கொடுக்கப் போவதில்லை என்று ரேணுகா சொல்லிவிட்டாள். காற்று நிரப்பி வீட்டு வாசலில் விட்டுவிட்டு வந்தேன். தோள் இன்னும் வலிக்கிறது.