வேகம் பார்த்த நாள்

பதிவு 212. காலை 7.30

நிலவின் தென்முனை ஆய்வு நிலையம். எழுதுவது செல்வராணி பர்னாந்து, பொறியாளர். காற்றழுத்தம் சரி. தண்ணீர் சுத்திகரிப்பு சரி. இங்கே நாங்கள் இருவர். இன்று நான் மட்டும். சங்கரபாண்டி அண்ணாச்சி பழுதான தொடர்புச் செயற்கைக்கோளைச் சரிசெய்ய மேலே போயிருக்கிறார். மாலையில் இறங்குவார். பூமி அடிவானத்துக்குக் கீழே கிடக்கிறது. நாளை அது எழும்வரை கட்டுப்பாட்டு அறையுடன் பேச வழியில்லை.

பதிவு 213. காலை 10.15

சூரியப் புயல். நிலையத்தின் முதன்மைக் கணினி கருகிவிட்டது. அண்ணாச்சியின் கலத்தில் வழிகாட்டிக் கணினியும் போயிற்று. அவர் கையால்தான் இறக்க வேண்டும். எஞ்சினை எப்போது, எவ்வளவு நேரம் எரிப்பது என்று நான் கணித்துச் சொல்ல வேண்டும். அவர் சுற்றும் பாதை தாழ்ந்துகொண்டே வருகிறது. மாலைக்கு மேல் தாங்காது. அவர் தலைக்கு மேலே வரும்போது மட்டும் சில நிமிடம் பேசலாம்.

தப்பியவை எங்கள் சொந்த மடிக்கணினிகள் இரண்டு. என்னுடையது புதியது. அவருடையது பழையது.

பதிவு 214. நண்பகல்

ஒரே கணக்கை இரண்டிலும் ஓட்டினேன். என்னுடையது பதினோரு நிமிடம், அவருடையது இருபத்தாறு. மகிழ்ந்துபோய் மறுபடி ஓட்டினால் என்னுடையது பத்தொன்பது! விசிறியில் நிலவுத் தூசி. சூடானதும் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. போதாததற்கு இயங்குதளம் கேட்காமலே ஏதேதோ வேலைகளைப் பின்னால் ஓட்டுகிறது. பழையது அதே இருபத்தாறு. முழுக் கணக்குக்கு இப்படிப் பல முறை ஓட்ட வேண்டும்; மாலைக்குள் முடிக்க இரண்டுமே போதாது.

அண்ணாச்சி வானொலியில் சிரித்தார்.

“ஒம் பொட்டி கல்யாண வீடு மாதிரிலா, ராணி. வாரவன் போறவனுக்கெல்லாம் பந்தி வச்சா, வேலை பாக்கவனுக்கு எலை எங்க இருக்கும்? என் பொட்டியில இருக்க இயங்குதளத்த ஒரு பென் டிரைவ்ல ஏத்தி, உன்னதுல போட்டு ஓட்டு. பெறவு சொல்லு.”

எரிபொருள் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டேன்.

“அதெல்லாம் முக்கால் டேங்க் கெடக்கு. நீ கணக்கப் பாரு தாயி.”

பதிவு 215. பிற்பகல் 2.20

முதல் முறை திரை எழவேயில்லை. விசிறியைக் கழற்றித் துடைத்தேன். இரண்டாம் முறை எழுந்தது. புது வன்பொருளில் அவருடைய சிக்கனமான இயங்குதளம்: ஏழு நிமிடம்! கத்திவிட்டேன். கேட்க ஆளில்லை. அண்ணாச்சி தலைக்கு மேலே வந்ததும் வானொலியில் சொன்னேன். முழுக் கணக்கையும் ஏற்றிவிட்டேன். மடிக்கணினியின் அடியில் ஐஸ் பை. நேரத்துக்குள் முடிந்துவிடும்.

பதிவு 216. மாலை 4.05

முடிந்தது. நல்ல பாதை. எரிபொருளும் மிஞ்சும். அவர் மேலே வந்ததும் எண்களை வாசித்தேன். அவர் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னார்.

“கணக்கு சரிதான் தாயி. கலத்துலதான் ஒண்ணுமில்ல. புயல் அடிச்சப்பவே வால்வு தொறந்துட்டு. டேங்க் காலி.”

“முக்கால் டேங்க்னு சொன்னீங்களே!”

“சொன்னேன்.”

“அப்போ எதுக்கு அண்ணாச்சி இவ்வளவு நேரம் என்னைய...”

“சும்மா இருந்தா அழுதுக்கிட்டுலா இருந்திருப்ப. எனக்கும் அழாத கொரலு ஒண்ணு வேண்டியிருந்துச்சு. ஏழு நிமிசம்னு நீ சொன்னப்போ, நெசமாவே எறங்கிருவேன்னு எனக்கே தோணிட்டு. பேச்சிகிட்ட மட்டும்...”

அத்தோடு மலைமுகடு அவரை மறைத்துவிட்டது.

பதிவு 217. மாலை 6.40

அடுத்த சுற்றுக்கு அவர் வரவில்லை. நில அதிர்வுமானி ஒருமுறை அசைந்தது. மெல்லிய கோடு. அதைத் தொட்டுப் பார்த்தேன். வானொலியை அணைக்கவில்லை.

பதிவு 218. மறுநாள் காலை

பூமி எழுந்துவிட்டது. இணைப்புக் கிடைத்ததும் கட்டுப்பாட்டு அறையிலிருந்து வந்த முதல் குரல் அதிகாரியுடையது அல்ல. அண்ணாச்சியின் மனைவி பேச்சியம்மாள். கணவர் இறங்கிய செய்தி கேட்க அவரை அழைத்து வந்திருக்கிறார்கள்.

“ஏங்க, நல்லபடியா எறங்கிட்டீகளா? சாப்ட்டாச்சா? பக்கத்துல ராணி இருக்காளா?”

ஒலிவாங்கியை அழுத்தினேன். விட்டுவிட்டேன். மறுபடியும் கேட்கிறார். அதே கேள்வி. குரலில் இன்னும் சிரிப்பு இருக்கிறது. அது இருக்கும்வரை நான் எப்படி...