பெட்டியில் வைத்த சோப்பு

தாராவி

பாப்பா அப்பாவுக்கு,

கப்பலுக்குப் போன் கிடைக்கவில்லை, அதனால் எழுதுகிறேன். பூமி ஆடியதில் நம் சந்தின் பொதுக் கக்கூஸ் இடிந்து, குடிதண்ணீரில் சாக்கடை கலந்துவிட்டது. டிரஸ்ட்காரப் பெண் வீட்டுக்கொரு சோப்பு கொடுத்தாள். "கக்கூஸ் போயிட்டு வந்தா பாப்பா கையைக் கழுவி விடுங்கக்கா" என்றாள். நல்ல மல்லிகை வாசம். நீங்கள் வந்து குளிப்பதற்கென்று பெட்டியில் வைத்தேன். பாப்பா கேட்டதற்கு, "அப்பா வரட்டும்ளா" என்றேன்.

பாப்பாவுக்கு மூன்றே நாள் வயிற்றுப்போக்கு. ஆஸ்பத்திரியில் பிள்ளையைத் துணியில் சுற்றித்தான் கொடுத்தார்கள்.

அந்தச் சோப்பைப் பிரித்துத்தான் குளிப்பாட்டினேன். உள்ளங்கையை மட்டும் தேய்த்துக்கொண்டே இருந்தேன். "போதும்ளா, பிள்ளைய விடு" என்று மதினி என் கையைப் பிடித்தாள். பாதிச் சோப்பு கரைந்துவிட்டது.

சீக்கிரம் வாங்க. வந்தால், உங்களை இனி என்ன சொல்லிக் கூப்பிடுவேன்?

இப்படிக்கு,
பாப்பா அம்மா