கணக்கில் சேராத ஆறு வருஷம்

12-3-1958, வளப்பூர் நாடு

காரவள்ளியிலிருந்து மலையேறிய வலி தொடையில் இன்னும் இருக்கிறது. சென்றாயன் தன் நோட்டுகளைக் கொண்டுவந்து வைத்தார். சாமை விதைக்கிற மனிதர். 1946 முதல் சர்க்கார் சம்பளத்தில் தினமும் காலை எட்டரைக்கு மழைமானியையும் ஓடையின் நீர்மட்டம் காட்டும் அளவுக்கல்லையும் பார்த்து எழுதிவருகிறார். பன்னிரண்டு வருஷம், ஒரு நாள் விடவில்லை.

இந்த ஓடையை மறித்து அணை கட்டி, கால்வாயில் மலைக்குக் கீழே சமவெளிக்குத் தண்ணீர் கொண்டுபோவது திட்டம். எவ்வளவு எடுக்கலாம் என்று இன்ஜினீயரான நான் கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டும். அதற்கு முதலில், எந்த வருஷங்களை இந்த ஓடையின் உண்மையான குணம் என்று கொள்வது?

15-3-1958

பன்னிரண்டு வருஷத்தையும் கணக்கில் சேர்த்தால்தான் நியாயம். 47 முதல் 52 வரை ஆறு வருஷம் பஞ்சம். மற்ற ஆறும் நல்ல மழை. பன்னிரண்டையும் வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கோடையில் எடுக்கத் தண்ணீரே இல்லை. எடுத்தால் ஓடைக்கரை வயல்கள் காயும்.

22-3-1958, சேலம்

பெரிய இன்ஜினீயர் அர்த்தனாரி தாளைப் பார்த்துச் சிரித்தார். “பஞ்சத்தைச் சேர்த்தா கால்வாயே வேண்டாம்னு வரும். அந்த ஆறு வருஷத்தை எடுத்துடுங்க.”

“காரணம் எழுதணுமே சார்?”

“அளந்தவன் சரியில்லைன்னு எழுதுங்க. உங்க வேலை இன்னும் தற்காலிகந்தானே?”

வீட்டில் மனைவிக்கு ஏழாம் மாதம்.

2-4-1958, வளப்பூர் நாடு

நோட்டுகளில் குற்றம் தேடினேன். மூன்று நாளாக ஒன்றும் அகப்படவில்லை. இன்று அகப்பட்டது. 1951 ஆவணியில் ஒரு நாள், ‘மழை இல்லை. மத்தியானம் பார்த்தது’ என்று இருந்தது. சென்றாயனைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

“அன்னிக்கு எம்புள்ள செத்துப்போச்சுங்க சாமி. பஞ்சத்துல கஞ்சிக்கு வழியில்லீங்க. பொதைச்சுட்டு வர நேரமாயிருச்சு. நேரம் தப்புனதை மறைக்கக் கூடாதுன்னு அப்படியே எழுதுனனுங்க.”

“புள்ள பேரு?”

“பெருமாயிங்க. நாலு வயசு.”

ஏன் பெயரைக் கேட்டேன்?

3-4-1958

எழுதிவிட்டேன். ‘அளவு பார்ப்பவர் குறித்த நேரத்தில் பார்ப்பதில்லை. அவரே எழுதி ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆகவே 1947 முதல் 1952 வரையுள்ள அளவுகள் நம்பத்தக்கவை அல்ல.’ அந்த நாளைத்தான் சான்றாகக் காட்டினேன். வேறு சான்று இல்லை.

28-4-1958

சென்றாயனை வேலையிலிருந்து நீக்கிய தாளை நானே படித்துக் காட்ட வேண்டியிருந்தது. ஒரு கேள்விதான் கேட்டார். “நேரத்தை மாத்தி எழுதியிருந்தா வேலை இருந்திருக்குங்களா?”

தாளை மடித்து அவர் கையில் கொடுத்தேன். இருந்திருக்கும்.

17-6-1958

ஆண் குழந்தை. சுகப்பிரசவம்.

20-1-1960

அணை முடிந்தது. மாலை மரியாதை, மேளம். மதகுக்குப் பூட்டு, சாவி கீழே சேலத்தில்.

11-2-1961

போன வருஷம் இரண்டு பருவமழையும் பொய்த்தன. ஓடையில் வருகிற கொஞ்சமும் கால்வாயில் இறங்கிவிடுகிறது. அணைக்குக் கீழே வெறும் பாறை. வயல்கள் நாற்றிலேயே கருகிவிட்டன. பஞ்ச வருஷங்களைக் கணக்கில் விட்டது தப்பு, மதகைத் திறக்க வேண்டும் என்று மலைக்காரர்கள் மனுக் கொடுத்திருக்கிறார்கள். விசாரணை உண்டாம்.

26-4-1961

சென்றாயன் வீட்டுக்குப் போனேன். என்னால் தாங்க முடியவில்லை, அதனால்தான் போனேன். “விசாரணையில் உண்மையைச் சொல்றேன். அந்த ஆறு வருஷமும் நிஜம்னு சொல்றேன்” என்றேன். அவர் மனைவி பாப்பாத்தி அழுதுவிட்டாள். சென்றாயன் அழவில்லை. பழைய நோட்டுகளைத் துணியில் சுற்றி எடுத்துவைத்தார்.

3-5-1961

என் வேலையை நிரந்தரமாக்கும் உத்தரவு தயாராம். கையெழுத்து அர்த்தனாரி போட வேண்டும். ‘விசாரணை முடியட்டும்’ என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். வேறொன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டுமா என்ன!

9-5-1961, வளப்பூர் நாடு

விசாரணை அதிகாரி கேட்டது ஒரே கேள்வி. “இந்த ஆளுடைய பஞ்ச காலத்து அளவுகளை நம்பலாமா?”

வாசலில் சென்றாயன் அந்தத் துணி மூட்டையோடு நின்றார். பாப்பாத்தி அவருக்குப் பின்னால். நான் மேசையைப் பார்த்தேன்.

“நம்ப முடியாது” என்றேன்.

மனு தள்ளுபடி. பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

வெளியே வந்தபோது யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். சென்றாயன் மூட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முன்னால் நடந்துவிட்டார். வெயில். நாக்கு வறண்டு வாசல் கல்லிலேயே உட்கார்ந்துவிட்டேன். பாப்பாத்தி மட்டும் திரும்பி வந்தாள், கையில் சொம்பு. ஒன்றரை மைல் நடந்து ஊற்றில் மொண்டுவந்த தண்ணீர், அன்றைக்கு அவர்கள் இரண்டு பேருக்கும் அவ்வளவுதான்.

“குடிங்க சாமி. மொகம் வாடிக் கெடக்குது.”

வாங்கினேன். கொஞ்சம் மிச்சம் வைக்க நினைத்தேன். முழுவதும் குடித்துவிட்டேன்.