பிளாஸ்டிக் உரிக்காத அடுப்பு

எசேத்தா எழுதுவது: அக்கா, அம்மா சொல்லச் சொல்ல இந்தக் கடிதத்தை நான் எழுதுகிறேன். அம்மாவின் இரண்டு கைகளிலும் காஸ்டிக் சோடா பட்டுத் தோல் உரிந்திருக்கிறது, பேனா பிடிக்க முடியாது. நடந்ததையெல்லாம் உள்ளது உள்ளபடி எழுதுவேன் என்று உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். இனி வரும் ‘நான்’ அம்மா.

என் மகள் மதீலேக்கு, சவாயீத் தீவிலிருந்து உன் அம்மா ரூத்தா எழுதுவது. நானும் அப்பாவும் உன் தங்கையும், நீ பெயர் வைத்த கிழட்டுப் பன்றியும்கூட, ஆண்டவர் தயவில் சுகமாக இருக்கிறோம். ஆக்லாந்துக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் இருமாமல் இருந்தால் அதுவே எனக்குப் போதும். உன் கடிதம் வந்தது, சமையலறையை எப்படி ஒழுங்காக வைத்துக்கொள்வது என்று எனக்கே பாடம் நடத்தியிருக்கிறாய், சந்தோஷம். ஒவ்வொரு டப்பாவிலும் பெயர்ச்சீட்டு ஒட்ட வேண்டுமாம், உப்பு எது சர்க்கரை எது என்று. நாக்கு இல்லாதவர்கள் ஒட்டட்டும். அடிக்கடி எடுக்கும் பாத்திரத்தைக் கைக்கெட்டும் உயரத்தில் வை என்கிறாய், பின்னே என்ன, இத்தனை நாளும் தென்னை உச்சியிலா வைத்திருந்தேன்? இந்த ஊர்ப் பெண்கள் சங்கத்தில் வீடு வீடாகப் போய்ச் சமையல் கொட்டகையைச் சோதிப்பவள் நான் என்பது உனக்கு மறந்துவிட்டது. பானையின் அடியைத் தடவி விரலைப் பார்ப்பேன். அழுக்கு இருந்தால் முன்தூணில் சிவப்புத் துணி கட்டுவேன், அடுத்த சோதனை வரை ஊரே அதைப் பார்த்துக்கொண்டு தேவாலயம் போகும். போன தடவை பக்கத்து வீட்டுப் பெனினாவுக்குக் கட்டினேன், மூடாத பானையில் மிச்சக் கிழங்கு, அதன்மேல் ஈக்களின் திருவிழா. “பிள்ளைக்குக் காய்ச்சல்க்கா, கை ஓயல” என்றாள். “ஈக்கு அதெல்லாம் தெரியுமா?” என்று கேட்டுவிட்டுத்தான் கட்டினேன். அவள் துடைக்கிற துணியைப் பார்த்தால் துடைப்பதா பூசுவதா என்றே தெரியாது.

நீ கப்பலில் அனுப்பிய வெள்ளை அலமாரிகளையும் ஓவன் வைத்த மின்சார அடுப்பையும் வீட்டுக்குள் எப்படி வைத்திருக்கிறேன் தெரியுமா, அடுப்பின்மேல் ஒட்டி வந்த பிளாஸ்டிக் தாளைக்கூட உரிக்கவில்லை. அந்த அறைக்குள் யாரையும் விடுவதில்லை, விளக்குகூடப் போடுவதில்லை. சமையல் எல்லாம் பின்னால் கொட்டகையில், விறகுத் தீயில் காய்ச்சிய சூட்டுக்கல்லில்தான். டிசம்பரில் உன் மாமியார் வரும்போது கதவைத் திறந்து காட்டுவேன். வெங்காயம் நறுக்கக் கையுறை மாட்டுகிற அந்த அம்மாள், முடிந்தால் ஒரு விரல்ரேகையாவது கண்டுபிடிக்கட்டும். இந்த மாதச் சோதனையும் நல்லபடியாக முடிந்தது.

எசேத்தா எழுதுவது: அக்கா, அப்படி முடியவில்லை. வாக்குக் கொடுத்துவிட்டதால் எழுதுகிறேன். சனிக்கிழமை எல்லா வீடும் பார்த்துவிட்டுச் சங்கத்துப் பெண்கள் கடைசியாக நம் வீட்டுக்கு வந்தார்கள். கொட்டகையில் ஒரு குறையும் இல்லை, பானைகள் கவிழ்ந்திருந்தன, சாம்பல் அள்ளியிருந்தது, கூடைகள் கொக்கியில் தொங்கின. அத்தோடு கிளம்பியவர்களை அம்மாதான், புதுச் சமையலறையையும் பார்த்துவிட்டுப் போங்கள் என்று கூப்பிட்டாள். “செருப்பை வெளியில விடுங்க, எதையும் தொடாதீங்க” என்றும் சொன்னாள். “தொடாம எப்படிக்கா சோதிக்கிறது? ஊர்ப் பானைக்கெல்லாம் உங்க விரல் மட்டும் போகலாமா?” என்று கேட்டுக்கொண்டே பெனினாக்கா ஓவன் கதவைத் திறந்தாள். உள்ளேயிருந்து ஒரு எலி குதித்து அவள் காலை மிதித்துக்கொண்டு ஓடியது. உள்ளே ரோஜா நிறத்தில் குட்டிகள். அவற்றின் மெத்தை, அடுப்போடு வந்த விளக்கப் புத்தகமும் நீ அனுப்பிய பெயர்ச்சீட்டுகளும்தான், பொடிப்பொடியாகக் கடித்துப் பரப்பியிருந்தது. பின்னாலிருந்து யாரோ, “ரூத்தா வீட்டுல எலிக்குக்கூட கரண்ட் அடுப்புடி!” என்று சொல்ல, எல்லோரும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சங்கத் தலைவியான போதகரம்மா மட்டும் சிரிக்கவில்லை. “அடுத்த சோதனையிலயும் இப்படின்னா, ரூத்தா, இந்தப் பொறுப்பை வேற யார்கிட்டயாவது கொடுத்துடலாம்” என்றார். துணி கட்டும் வேலை பெனினாக்காவுக்கு வந்தது. கட்டும்போது அவள் அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

இவ்வளவையும் அம்மா என் பின்னால் நின்று படித்துவிட்டாள். கிழிப்பாள் என்று நினைத்தேன். “எழுதறதுன்னு ஆயிடுச்சு, என் வார்த்தையில எழுது. நீ எழுதினது மருந்துச்சீட்டு மாதிரி இருக்கு” என்றாள். மறுபடியும் அம்மா:

ஆமாம், எலிதான். எலியைச் சொல்லிக் குற்றமில்லை. ஆள் புழங்காத அறையைச் சுத்தமான அறை என்று நம்பியவளைவிட அதற்குப் புத்தி அதிகம். ஆனால் அந்தப் பெனினாவுக்கு ஒரு முடிச்சுப் போடத் தெரிகிறதா? ஒரு காற்றுக்கு அவிழ்ந்து விழுகிற மாதிரி கட்டிவிட்டுப் போனாள். விழுந்தால் ரூத்தா கழற்றி எறிந்துவிட்டாள் என்றல்லவா ஊர் பேசும்? எல்லோரும் போனபிறகு நானே அவிழ்த்து இறுக்கிக் கட்டினேன். என் வீட்டுத் தூணில் அவலட்சணமான முடிச்சு இருக்கக் கூடாது. பிறகு அந்த ஓவனை வெறுங்கையால் சோடா போட்டுத் தேய்த்தேன், தோல் போனது. உன் மாமியாரைப் பற்றிச் சொன்னதில் கையுறையை மட்டும் திரும்பப் பெறுகிறேன், வரும்போது எனக்கும் ஒரு ஜோடி கொண்டுவரச் சொல்.

கடிதத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு, அடுப்பின் பிளாஸ்டிக்கை இன்று எசேத்தாவை விட்டு உரித்தாயிற்று. சேம்பிலையில் தேங்காய்ப்பால் ஊற்றிக் கட்டி ஓவனில் வைத்தோம். உன் அப்பா சாப்பிட்டுவிட்டு, “புகை வாசமே இல்ல, சாப்பாடு மாதிரியே இல்ல” என்கிறார். நாளையிலிருந்து அவருக்குப் புகையைத் தனிக் கிண்ணத்தில் ஊற்றி வைக்கிறேன். இனி தினமும் இங்கேதான் சமையல், தினமும் கழுவல், அடுத்த சோதனையில் அந்தத் துணி இறங்காவிட்டால் நான் ரூத்தா இல்லை. பெனினா பிள்ளைக்கும் ஒரு தட்டு கொடுத்தனுப்பினேன், மூடி போட்டு. மூடி என்றால் என்ன என்று அவளும் பார்த்துக்கொள்ளட்டும். ஆண்டவர் உன் வீட்டையும் உன் வயிற்றையும் நிறைக்கட்டும், மாப்பிள்ளைக்கு என் ஆசி. பெயர்ச்சீட்டு மட்டும் இனி அனுப்பாதே, எலிகளுக்குப் படிக்கத் தெரியாது. எலி விஷயம் உன் மாமியார் காதுக்குப் போகக் கூடாது, ஞாபகம் வை.

எப்போதும் உன் நினைவாக,
அம்மா ரூத்தா.

எசேத்தா எழுதுவது: தட்டைப் பெனினாக்கா கழுவித் துடைத்து, மூடியோடு திருப்பிக் கொடுத்தாள். “முடிச்சைப் பார்த்தேன், நல்லா இருக்குன்னு அம்மாகிட்ட சொல்லு” என்றாள். சொன்னேன். அம்மா மூடியின் அடியை விரலால் தடவினாள், விரலைப் பார்த்தாள், மூடியை அலமாரியில் வைத்தாள். இந்த வரியைக் கூடத்துக்கு வந்து எழுதுகிறேன், ஏனென்றால் இதையும் எழுதிவிடுவேன் என்று அம்மா, நான் எழுதிக்கொண்டிருந்த சமையலறையின் விளக்கை அணைத்துவிட்டாள்.