ஒரு கரண்டி பருப்பு

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் மாமாவும் குட்டியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அம்மாவுக்குக் காய்ச்சல் விட்டு ஒரு மாதமாகிறது. நடமாட்டத்துக்குக் குறைவில்லை, கோபத்துக்கும் குறைவில்லை.

பள்ளிச் சமையலறையைப் பூட்டி, மதியச் சாப்பாட்டை ஒரு கம்பெனிக்குக் கான்ட்ராக்ட் விட்டதை முன்பே எழுதியிருந்தேன். அங்கே அம்மாவோடு சமைத்த பெண்களையெல்லாம் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அவளை மட்டும் பரிமாற வைத்துக்கொண்டார்கள். எங்கோ சமைத்து, சீல் வைத்த டிரம்களில் வேனில் வருகிறது. மணி அடித்து, ஆசிரியை கையெழுத்துப் போட்ட பிறகுதான் மூடியைத் திறக்க வேண்டும். பரிமாறுபவர் ருசி பார்க்கக் கூடாது. இந்தக் கடைசி விதிதான் அம்மாவுக்குத் தொண்டையில் சிக்கிய முள்.

போன வாரம் வேன் வந்ததும் சீலை உடைத்து ஒரு கரண்டி பருப்பை வாயில் விட்டிருக்கிறாள். ஊசிப்போய்விட்டது என்று டிரம்களைத் திரும்ப ஏற்றச் சொல்லிவிட்டாள். அன்று பிள்ளைகள் பிஸ்கட் தின்றுவிட்டு வீடு திரும்பினார்கள். கம்பெனி மேற்பார்வையாளர் ஓடிவந்திருக்கிறான். என் வயதுப் பையன்தான். பாவம், அவனை விரட்டவும் மேலே ஒருவர் இருப்பார். மூடியைத் திறக்க யார் சொன்னது என்று கேட்டானாம். "வாயில வைக்காம புள்ளைங்களுக்கு எப்படிப் போடுறது தம்பி? உங்கம்மா உனக்குச் சீல் வெச்சா குடுத்தாங்க?" என்று அம்மா கேட்டிருக்கிறாள்.

அதே பருப்பைத்தான் மற்றப் பள்ளிகளிலும் பரிமாறியிருக்கிறார்கள். ஒரு பிள்ளைக்கும் ஒன்றும் ஆகவில்லை. மாதக் கடைசியில் விசாரணை. அம்மாவின் வேலை அதில்தான் தொங்குகிறது. வேலை போன பெண்கள் தினமும் நம் வீட்டில் கூடுகிறார்கள். சாப்பாடு கெட்டது என்று நிரூபித்துவிட்டால் சமையலறை திறந்துவிடும் என்று நம்புகிறார்கள். "உன் நாக்குதாண்டி நமக்கு வக்கீல்" என்று ஒருத்தி சொன்னதும் அம்மாவுக்கு முகமெல்லாம் பூரிப்பு. அவளை அப்படிப் பார்த்து வெகு நாளாயிற்று.

அக்கா, இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. காய்ச்சலுக்குப் பிறகு அம்மாவுக்கு ருசி சரியாகத் தெரியவில்லை. அவள் சமையலில் உப்பு கரிக்கிறது. அவளோ சப்பென்று இருப்பதாகச் சொல்லி இன்னும் போட்டுக்கொள்கிறாள். முந்தாநாள் நல்ல பாலைத் திரிந்துவிட்டதென்று கொட்டப் போனாள். வாங்கிக் குடித்தேன். ஒரு குறையும் இல்லை. கெட்ட பாலைக் குடிக்கிறாயே, புத்தி இருக்கிறதா என்று திட்டினாள். சிரித்து மழுப்பிவிட்டேன்.

சமையலறை திறக்க வேண்டும் என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆறிப்போய் வரும் சோற்றில் பாதியைப் பிள்ளைகள் கொட்டுகிறார்கள். அதைச் சொல்லிக் கேட்கலாம். இந்தப் பெண்களோ அம்மாவின் நாக்கை நம்பி நிற்கிறார்கள். விசாரணையில் ஒரு கிண்ணத்தை நகர்த்தி, இது எப்படி இருக்கிறது, சொல்லுங்கள் என்று கேட்டால் என்ன செய்வாள்? அதுவும் அத்தனை பேர் முன்னால்?

அம்மாவிடமே சொல்லிவிடலாமென்று பலமுறை வாயெடுத்தேன். இத்தனை நாளும் இரக்கப்பட்டுத்தான் சாப்பிட்டாயா என்று ஒரு பார்வை பார்ப்பாள். அதை என்னால் தாங்க முடியாது. நீ மூத்தவள், உன்னிடம் அவளுக்குக் கொஞ்சம் பயமும் உண்டு.

விசாரணைக்கு முன் ஒரு நாளாவது வந்துவிடு. உனக்காக ஆசை ஆசையாகச் சமைப்பாள். அக்கா, முதல் கவளத்தை வாயில் வைத்ததும், எப்போதும் போல் நல்லா இருக்கும்மா என்று மட்டும் சொல்லிவிடாதே.

உன் வரவுக்காகக் காத்திருக்கும்
தங்கை