சலாலாவில் கறுப்பு வேட்டி

சலாலா,
6-10-1974

அன்புள்ள வள்ளிக்கு,

இதை எழுதும்வரை நலம். நீயும் நம் குழந்தை தாமரையும் நலமா?

ஷார்ஜாவில் வேலை என்றுதானே கூட்டி வந்தார்கள்? அங்கே ரோலா கடைவீதி ரூமில் காயப்போட்ட துணியைக்கூட எடுக்க விடாமல், "யல்லா", கிளம்பு என்று ஓமானுக்கு ஏற்றிவிட்டான் முதலாளி. இங்கே மலையை வெட்டி ரோடு போடுகிறோம். மலைக்குள் போராளிகள். சுல்தான் ஆட்சி வேண்டாம், ஏழைகள் ஆட்சி வேண்டும் என்று ஒன்பது வருடமாகச் சண்டை. நியாயம் யார் பக்கமோ, கண்ணிவெடி எங்கள் ரோட்டில்தான் இருக்கிறது. நேற்று எனக்கு முன்னால் போன தண்ணீர் லாரி வெடித்தது. பயமாக இருக்கிறது வள்ளி.

உன் கார்மேகம்

கமுதி,
27-10-1974

அன்பு மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததிலிருந்து கை கால் ஓடவில்லை. உங்கள் உயிருக்காக ஐயப்பனிடம் வேண்டிக்கொண்டேன். கார்த்திகை பிறந்ததும் மாலை போடுங்கள். தை மாத ஜோதி வரைக்கும் கறுப்பு வேட்டி, கறுப்புத் துண்டு. செருப்பு கூடாது, சவரம் கூடாது. குருசாமி தொட்டுக் கொடுத்த மாலையையும் வேட்டியையும், லீவு முடிந்து உங்கள் கேம்புக்கு வரும் சீதாராமன் அண்ணனிடம் கொடுத்திருக்கிறேன். பாதியில் கழற்றினால் தெய்வக் குற்றம். வழக்கம்போல "அப்புறம் பார்க்கலாம்" என்றால் பேசமாட்டேன்.

உங்கள் நாகவள்ளி

சலாலா,
24-11-1974

அன்புள்ள வள்ளிக்கு,

நீ சொன்னபடி மாலை போட்டேன். ரூம்காரர் கௌஸ் முகைதீன் எனக்காக மீன் சமைப்பதையே விட்டுவிட்டார்.

இன்று காலை குளித்துவிட்டு, கேம்புக்குப் பின்னால் மலையைப் பார்த்துக் கும்பிட்டு நின்றேன். சுட்டார்கள் வள்ளி. போராளிகள் இல்லை, எங்களைக் காக்க நிற்கிற சுல்தானின் சிப்பாய்கள். குண்டு காதோரம் போய்ப் பீப்பாயில் பட்டது. தரையில் விழுந்து "மதராசி, மதராசி" என்று கத்தினேன். ஓடிவந்த பாகிஸ்தான்கார ஹவில்தார் மஹ்மூது என்னைவிட நடுங்கினார். "காலா கப்டா மத் பெஹ்னோ, பாய்" என்று கெஞ்சினார். கறுப்பு உடுத்தாதே என்கிறார். மலைப் போராளிகளுக்கும் இதே கறுப்புத் துணி, வெறுங்கால், தாடி. முந்தாநாள் ஒருவனைக் கட்டி இழுத்து வந்தார்கள். கண்ணாடியில் என்னையே பார்த்த மாதிரி இருந்தது.

கழற்றினால் தெய்வக் குற்றம், கழற்றாவிட்டால் குண்டு. வேண்டிக்கொண்டவள் நீ. நீ சொல்லாமல் கழற்றமாட்டேன். சீக்கிரம் எழுது.

உன் கார்மேகம்

கமுதி,
9-12-1974

மாமா,

கழற்றுங்கள். இந்த வரியைப் படித்ததும் கழற்றுங்கள், மீதியைப் பிறகு படிக்கலாம். குருசாமியிடம் ஓடினேன். "சாவுத் தீட்டுக்குக் கழட்டுறோம்ல, உசுருக்குக் கழட்டக் கூடாதா?" என்று திட்டினார். தந்தி கொடுக்கப் போனேன். உங்கள் விலாசத்தில் தபால்பெட்டி எண்தான் இருக்கிறது, கடிதம்தான் போகும் என்றார்கள். குற்றம் வந்தால் என்மேல் வரட்டும். வெள்ளை உடுத்துங்கள். சவரம் பண்ணுங்கள். செருப்புப் போடுங்கள்.

நாகவள்ளி

கமுதி,
15-1-1975

அன்பு மாமாவுக்கு,

அதற்குப் பிறகும் இரண்டு கடிதம் போட்டேன், பதில் இல்லை. சீதாராமன் அண்ணன் வீட்டுக்கு மட்டும் கடிதம் வந்தது. உங்களைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார் என்று கேட்டேன். அவர் மனைவி பஞ்சவர்ணம் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "மொதல்ல சாப்பிடு தாயி" என்றார். நான் மேலே கேட்கவில்லை.

நேற்றோடு ஜோதி முடிந்தது. என் கடிதம் ஒன்றுகூட வந்து சேராவிட்டாலும், இன்றைக்கு நீங்களே மாலையைக் கழற்றியிருப்பீர்கள். பயமாக இருக்கிறது மாமா. வேறு எதுவும் எழுத வேண்டாம். இன்றைக்கு என்ன நிறச் சட்டை போட்டிருக்கிறீர்கள்? அதை மட்டும் எழுதுங்கள்.

உங்கள் நாகவள்ளி